யூத வெறுப்புக்கு ஆளுக்கொரு தராசா?

ஆசிரியருக்கு,

காசாவில் குண்டு விழும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் கிளம்பிவிடுகிறது. ஹிட்லரின் முகம், கீழே, 'எல்லா யூதரையும் கொன்றிருப்பேன், ஏன் கொன்றேன் என்று உலகம் புரிந்துகொள்ளச் சிலரை விட்டுவைத்தேன்' என்ற வாசகம். ஹிட்லர் இப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அறுபது லட்சம் பேரைக் கொன்றதற்கு நியாயம் கற்பிக்க யாரோ இட்டுக்கட்டியது. இதைப் பகிர்வதால் பாலஸ்தீனக் குழந்தை ஒன்றுக்குக்கூட நன்மை இல்லை.

'உங்களை ஆள்வது யார் என்று தெரிய, யாரை விமர்சிக்கக் கூடாதோ அவரைப் பாருங்கள்' என்று யூதர்களைக் குறிவைத்துப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பெயரில் ஒன்றும் சுற்றுகிறது. வால்டேர் இறந்தது 1778இல். இது 1993இல் ஓர் அமெரிக்க நவநாஜி (ஹிட்லரின் கொள்கையைப் பின்பற்றுபவர்) எழுதியதிலிருந்து வந்தது. 2022இல் அமெரிக்க எம்.பி. தாமஸ் மாஸியே இதை வால்டேர் பெயரில் ட்விட்டரில் போட்டார்.

பிரபலங்கள் என்று வந்தால்தான் தராசு சாய்கிறது. 2016 ஜூலையில் டிரம்ப், ஹிலாரி படத்தோடு டாலர் குவியலையும் யூதச் சின்னமான ஆறுமுனை நட்சத்திரத்தையும் சேர்த்துப் பதிவிட்டார். எதிர்ப்பு வந்ததும் நட்சத்திரம் வட்டமாக மாறியது. அது ஷெரீப் எனும் காவல் அதிகாரி அணியும் நட்சத்திரம் என்றார். 2019 பிப்ரவரியில் அமெரிக்க எம்.பி. இல்ஹான் ஓமர், அமெரிக்க அரசியல்வாதிகளின் இஸ்ரேல் ஆதரவெல்லாம் பணத்துக்காகத்தான் என்று எழுதி, மறுநாள் மன்னிப்புக் கேட்டார். யூதப் பணம் அதிகாரத்தை வாங்குகிறது என்ற பழைய பழிதான் இரண்டிலும் ஒலித்தது. ஒருவரைக் காய்ச்சி எடுத்தவர்களில் பலர் மற்றவருக்கு வக்காலத்து வாங்கினார்கள்.

தமிழில் இது, உலகை ரகசியமாக ஆள்வதாகச் சொல்லப்படும் 'இலுமினாட்டி' கூட்டம் பற்றிய வீடியோவாக வருகிறது. மத்திய வங்கிகளெல்லாம் ராத்ஸ்சைல்டு என்ற ஐரோப்பிய யூத வங்கிக் குடும்பத்துடையவையாம். நம் ரிசர்வ் வங்கி 1949 ஜனவரி 1 முதல் முழுக்க அரசுக்குச் சொந்தம். யூதச் சதிக்குச் சான்றாகக் காட்டப்படும் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற ஆவணம் 1903இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த போலி. மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864இல் வந்த பிரெஞ்சு நூலிலிருந்து அது திருடப்பட்டது என்று 1921இலேயே லண்டன் 'டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. யூதர்கள் நமக்குப் புதியவர்களும் அல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே பவளமும் வைரமும் விற்க யூத வணிகர்கள் குடியிருந்த ஊர் சென்னை. பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஒரு பதிவு வெறுப்பா, விமர்சனமா என்று சந்தேகம் வந்தால், 'யூதர்' இருக்கும் இடத்தில் 'தமிழர்' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். தமிழன் என்றாலே புலி என்று சந்தேகிக்கப்பட்ட வலி நமக்குத் தெரியும்.

இஸ்ரேல் அரசைக் குறை சொன்னாலே யூத வெறுப்பு என்று வாயடைப்பதும் அதே அளவு தவறு. பல நாடுகள் ஏற்ற 2016ஆம் ஆண்டு ஐ.எச்.ஆர்.ஏ. (யூத இனப்படுகொலை நினைவுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு) வரையறையே, இஸ்ரேல் மீது பிற நாடுகளின் மீது வைப்பது போன்ற விமர்சனத்தை யூத வெறுப்பாகக் கருத முடியாது என்கிறது.

தங்கள் நாளிதழ் செய்யக்கூடியவை உண்டு. 'யூதர்கள் தாக்குதல்' என்று தலைப்பு வேண்டாம். 'இஸ்ரேல் விமானப்படை', 'இஸ்ரேல் அரசு' என்றே எழுதலாம். இஸ்ரேல் குடிமக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அரபியர். நியூயார்க்கில் போரை எதிர்த்து வீதிக்கு வந்த யூதர்களும் உண்டு. அதேபோல் 'ஹமாஸ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'இஸ்லாமியர்' வரக் கூடாது. தலைவர் எவரின் பதிவையும் செய்தியாக்கும்போது மூல வாசகத்தை முழுதாக, தேதியோடு தாருங்கள். அழிக்கப்பட்டதா, மன்னிப்புக் கேட்டாரா என்பதையும் சேருங்கள். முதலில் தவறாக வந்திருந்தால், திருத்தம் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும்.

– செய்தி சரிபார்ப்பாளர்கள் சிலர்,
திருவல்லிக்கேணி, சென்னை