சீதை எங்கே வாய் மூடி இருந்தாள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் மகளிர் பக்கத்தில், இரவு ஒன்பது மணி நாடகத்தின் நாயகியைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். மாமியார் கைநீட்டுகிறார், கணவன் சந்தேகப்படுகிறான், மச்சாள் நகையைக் களவெடுத்துப் பழியை இவள் தலையில் போடுகிறாள். அத்தனையையும் பேசாமல் தாங்குவதால் அவள்தான் "இந்தக் காலத்துச் சீதை" என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நானும் அந்த நாடகத்தை விடாமல் பார்க்கிறவள். அந்தப் பெண் மேல் எனக்கு நிறைய இரக்கம் உண்டு. ஆனால் அவளைச் சீதை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

சீதை எங்கே வாய் மூடி இருந்தாள்? நான் காட்டுக்குப் போகிறேன், நீ இங்கேயே இரு என்று இராமன் சொன்னதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடவில்லை. "நின் பிரிவினும் சுடுமோ பெருங்காடு" என்று கம்பனில் கேட்கிறாள். வால்மீகியில் காரம் இன்னும் கூட. ஆண் வடிவில் இருக்கும் ஒரு பெண்ணையா என் தந்தை மருமகனாக எடுத்தார் என்று இராமனின் முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறாள். கடைசியில் நடந்ததும் அவள் சொன்னபடிதான். அசோகவனத்தில் சுற்றிவர அரக்கிகள் இருக்க, தனக்கும் இராவணனுக்கும் நடுவே ஒரு துரும்பைப் போட்டுவிட்டு, அவனுக்கு வரப்போகும் அழிவை அவனிடமே சொல்கிறாள். தோளில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று அனுமன் கேட்டபோதும் மறுக்கிறாள். "எல்லை நீத்த உலகங்கள் யாவும் என் சொல்லினால் சுடுவேன்" என்கிறாள். அப்படிச் செய்தால் அது இராமனின் வில்லுக்கு மாசு என்பதால் விட்டுவைத்திருக்கிறாளாம். செய்ய முடிந்தவள், காரணம் இருந்ததால் காத்திருந்தாள். அவளுடைய பொறுமை என்று நாம் கும்பிடுவது இதைத்தான்.

நாடகத்தில் நடப்பதைப் பாருங்கள். அண்மையில் ஒரு காட்சி வந்தது. மச்சாள் நகையை அலுமாரிக்குள் ஒளிப்பதை நாயகி தன் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறாள். மாமியார் வீட்டாரை எல்லாம் கூடத்தில் கூட்டி வைத்துக்கொண்டு அவளைக் கள்ளி என்கிறார். தொலைபேசி அவள் கையில்தான் இருக்கிறது. கமரா அதைக் காட்டுகிறது, அவள் கண்ணீரைக் காட்டுகிறது, அப்புறம் ஒவ்வொருவர் முகமாகப் போய் இடி முழக்கத்தோடு நிற்கிறது. அவளோ வாயைத் திறக்கவில்லை. உண்மை வெளியே வந்தால் மச்சாளின் கலியாணம் குழம்பிவிடுமாம். பக்கத்தில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பேத்தி, "ஏன் அம்மம்மா, அவ அதைக் காட்டுறா இல்லை?" என்று கேட்டாள். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளுக்குத் திரௌபதியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன்.

உன்னைச் சூதில் தோற்றுவிட்டார்கள், சபைக்கு வா என்று துரியோதனன் ஆள் அனுப்பினான். திரௌபதி புறப்பட்டுப் போகவில்லை. வந்தவனிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். தருமர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே இழந்து அடிமையாகிவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? சபையில் தருமர் வாய் திறக்கவில்லை. துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்த பிறகும், அந்த அவமானத்துக்கு நடுவிலும், அவள் அதே கேள்வியைத்தான் திரும்பக் கேட்டாள். தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் தடுமாறினார். துரியோதனனின் தம்பிமாரில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து அவள் பக்கம் பேசினான். பெரியவர்கள் நிறைந்த சபையில் அந்தக் கேள்விக்கு யாரிடமும் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அறிஞர்கள் அதை வைத்து வாதாடுகிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. திருதராட்டிரன் பயந்துபோய் வரம் கேள் என்கிறான். முதல் வரத்தில் தருமரின் அடிமைத்தனத்தை நீக்கச் சொல்கிறாள். இரண்டாவதில் மற்ற நால்வரையும் அவர்களுடைய தேர்களோடும் வில்லுகளோடும் விடுவிக்கச் சொல்கிறாள். மூன்றாவது வரம் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள், பேராசை தருமத்தை அழிக்கும் என்று. நம்முடைய நாடகங்களில் நாயகி ஒன்றில் எல்லாவற்றுக்கும் அழுவாள், இல்லையென்றால் முந்நூறாவது பகுதியில் திடீரென்று பெரிய கம்பனிக்கு முதலாளியாகி வந்து எல்லாரையும் பழிவாங்குவாள். தனக்கு எது வேண்டும், எது போதும் என்று தெரிந்து கேட்கும் பெண்ணை நான் அங்கே இன்னும் காணவில்லை.

தமயந்தியையும் சொல்ல வேண்டும். நளன் சூதில் மூழ்கிவிட்டான், யார் சொல்லியும் கேட்கிறான் இல்லை என்று கண்டவுடன், எல்லாம் கைவிட்டுப் போவதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளையும் தேர்ப்பாகனோடு விதர்ப்பத்துக்கு, தன் தாய் தகப்பனிடம் அனுப்பிவிட்டாள். பிறகு காட்டில் கைவிடப்பட்ட நிலையிலும் வழி தேடிப் பிறந்த வீட்டுக்கு வந்து, நாலா பக்கமும் ஆள் அனுப்பி, சமைத்த கறியின் ருசியைக்கூடச் சோதித்து, நளனைக் கண்டுபிடித்தது அவள்தான். கணவன் மேல் அவள் வைத்த அன்பு குறையவே இல்லை. பிள்ளைகளையும் முதலில் காப்பாற்றினாள்.

இவர்கள் குறையே இல்லாதவர்களும் அல்ல. மாயமானின் குரலை நம்பி இலக்குவனைச் சீதை சொன்ன சொல் எவ்வளவு கொடுமையானது! இதிகாசம் அதை மறைக்கவில்லை. நாடக நாயகியிடமோ ஒரு பிழையும் இருக்கக் கூடாது, அதனாலேயே அவளிடம் உயிரும் இல்லை.

இதெல்லாம் வெறும் நாடகம்தானே என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் தொடர்மாடியிலேயே, கணவனிடம் அடிவாங்கி வந்து நின்ற ஒரு பிள்ளைக்கு, "சீதையைப் போலப் பொறுத்துப் போ" என்று வயதான ஒருவர் புத்தி சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நம் இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். இந்த நாடகங்கள் வருகிற இந்தியாவிலும் அதே 2005இல் இப்படி ஒரு சட்டம் வந்தது. எத்தனையோ கன்னத்தில் அறைகள் விழுகின்றன, ஒரு நாயகியாவது அந்தச் சட்டத்தின் பெயரைச் சொல்லி நான் பார்த்ததில்லை. உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிற சனம் நாங்கள். சபையில் கேள்வி கேட்டவளைத் தெய்வமாக வைத்துக்கொண்டு, வீட்டில் கேள்வி கேட்கிற மருமகளை வாயாடி என்பது என்ன நியாயம்?

துச்சாதனன் திரௌபதியை வீதியால் இழுத்து வந்தபோது ஊரவர்கள் "நெட்டை மரங்களென நின்று புலம்பினார்" என்று பாஞ்சாலி சபதத்தில் பாரதி கோபப்படுகிறார். அடிவாங்கும் பெண்ணைப் பார்த்துக் கண்ணீர் விட்டு, அவளைச் சீதை என்று பாராட்டிவிட்டுப் படுக்கப் போகும் நம் எல்லாருக்கும் அந்தக் கோபத்தில் பங்கு உண்டு.

உங்கள் பத்திரிகை மூலம் இரண்டு வேண்டுகோள். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் கொழும்புக் கம்பன் கழகத்தார் நடத்தும் வழக்காடு மன்றங்களில் கைகேயியும் வாலியும் கூண்டில் ஏறியதுண்டு. ஒருமுறை இந்தத் தொலைக்காட்சி நாயகியையும் கூண்டில் ஏற்றி, அவளுக்குச் சீதை என்ற பெயர் பொருந்துமா என்று வழக்காட வேண்டும். அடுத்தது நம் உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய்மார், கணவன் குடித்துவிட்டு வரும் முன்பே பிள்ளைகளை அம்மம்மா வீட்டில் விடுகிற தோட்டத்துப் பெண்கள் என்று தமயந்திகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வாரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கினாலும் போதும், அவர்களில் ஒருத்தியின் கதையை எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.