ஓஎஸ் எழுதும் தலவாக்கலைத் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

சொந்தமாக ஓர் ஓஎஸ், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், எழுத நீ அனுப்பிய திட்டத்தை முழுதாக வாசித்தேன். பூட்லோடர், நினைவகம், கோப்பு முறைமை, மல்டிடாஸ்கிங், நெட்வொர்க். கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் ‘விண்டோ, மவுஸ்’. அந்தப் பென்சில் வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பிலேயே சொல்லியிருக்கலாம். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இதே கிறுக்குப் பிடித்தவர்கள் இன்னும் ரெண்டு பேராவது இருப்பார்கள் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

கணினி தொடங்கியதும் ஓஎஸ்ஸை ஏற்றிவிடுகிற பூட்லோடரை நீயே எழுத வேண்டும் என்ற ஆசை புரிகிறது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும்தான், கணினியைப் போட்டதும் முதலில் ஓடுகிற பழைய பயாஸ் தூக்கித் தரும். அதற்குள் நின்றுகொண்டு புரொசெசரின் 16 பிட் முறையிலிருந்து 32க்கும், அங்கிருந்து 64க்கும் தாவுவது சுவையான வேலைதான். ஆனால் பலர் அந்தத் தாவலிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். அத்தனை பாடுபட்ட பிறகும் திரையில் காட்ட ஒரு வரி எழுத்துத்தான் இருக்கும். நீ கிரப் அல்லது லிமைன் என்ற ஆயத்த பூட்லோடரைப் போட்டுக்கொள். உன் ஓஎஸ்ஸின் மையமான கேர்னலை ஏற்றிவிட்டு, திரைப்புள்ளிகளை வைத்திருக்கிற ஃபிரேம்பஃபர் எந்த முகவரியில் இருக்கிறது, அகலம் உயரம் எவ்வளவு என்பதையும் அது கையில் கொடுத்துவிடும். சொந்த பூட்லோடரைப் பிறகு ஆறுதலாக எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

ஃபிரேம்பஃபர் கிடைத்துவிட்டால் படம் வரைய வேறு ஒரு மண்ணும் தேவையில்லை. அது நினைவகத்தில் ஒரு நீளமான துண்டு. எண்ணை எழுதினால் புள்ளி தெரியும், அவ்வளவுதான். 1024க்கு 768 திரை, புள்ளிக்கு 4 பைட் என்றால் சரியாக 3 எம்பி. ஒன்றை மட்டும் கவனி. ஒரு வரி எத்தனை பைட் என்பதை அகலத்தை நாலால் பெருக்கி நீயே முடிவு செய்யாதே. ‘பிட்ச்’ என்று பூட்லோடர் தனியாக ஓர் எண் தரும், அதைப் பயன்படுத்து. சில கணினிகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் நீ வரைந்த சதுரம் சாய்ந்துகொண்டே போகும். கணினிக்குள் இன்னொரு கணினி மாதிரி ஓடுகிற கியூஎமுவில் நேராக நின்ற சதுரம் உண்மையான லாப்டொப்பில் சாயும்போது எங்கே தேடுவது என்றே தெரியாது.

அடுத்தது மவுஸ். ‘கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு என்னைக் கவனி’ என்று ஒரு கருவி புரொசெசரைக் கூப்பிடுவதுதான் இன்டரப்ட். அதை மவுஸ் சொல்லித்தருகிற மாதிரி வேறெதுவும் சொல்லித்தராது. பிஎஸ்/2 மவுஸ், அதாவது பழைய வட்டச் சொக்கெட் வகை, 12ஆம் இன்டரப்டில் வரும். முதலில் இன்டரப்ட் எண்களை இடம் மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டைமர் அடிக்கும்போது புரொசெசர் அதை 8ஆம் எண் பிழை, அதாவது ‘டபுள் ஃபோல்ட்’, என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம், இன்டரப்ட்களைப் புரொசெசருக்குக் கடத்துகிற இரண்டு கன்ட்ரோலர்களில் 12 இரண்டாவதில் இருப்பதால் ‘வேலை முடிந்தது’ என்று இரண்டு கன்ட்ரோலருக்கும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மட்டும் சொன்னால் மவுஸ் ஒரே ஒரு தடவை அசைந்து அப்படியே உறைந்துவிடும்.

ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட் வரும். முதலாவதில் பட்டன்களும் திசைக்குறிகளும், இரண்டாவதில் பக்கவாட்டு நகர்வு, மூன்றாவதில் மேல்கீழ் நகர்வு. இடையில் ஒரு பைட் தவறினால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் பதுளை ரயிலில் ஒரு பெட்டி தள்ளி ஏறின கதைதான்: பக்கவாட்டு நகர்வு போய்ப் பட்டனில் உட்கார்ந்துவிடும், மவுஸ் திரையெங்கும் பேயாட்டம் ஆடும். இதற்காகத்தான் முதல் பைட்டின் நாலாவது பிட் (0இலிருந்து எண்ணினால் 3) எப்போதும் 1 ஆக இருக்கிறது. அது 1 இல்லையென்றால் அந்த பைட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததிலிருந்து எண்ணு. இன்னொன்று, மவுஸுக்கு மேலே போவது கூட்டல், திரைக்குக் கீழே போவதுதான் கூட்டல். ஆகவே கழிக்க வேண்டும்.

இனி விண்டோ. நீ நினைக்கிற அளவுக்குப் பெரிய மந்திரம் இல்லை. சி மொழியில் விண்டோக்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள். வரையும்போது அடியிலிருந்து மேலே வா, கிளிக் எங்கே விழுந்தது என்று தேடும்போது மேலிருந்து கீழே போ. இழுக்கும்போது, பிடித்த இடத்துக்கும் விண்டோ மூலைக்கும் உள்ள தூரத்தை முதலிலேயே குறித்து வை. இல்லாவிட்டால் தொட்டவுடன் விண்டோவின் மூலை மவுஸுக்குத் தாவிவிடும். நேராகத் திரையில் வரைந்தால் மினுங்கும் என்பதால் சாதாரண நினைவகத்தில் இன்னொரு 3 எம்பி எடுத்து அதில் வரைந்து, முடிந்ததும் நகல் எடு. மெதுவாக இருந்தால் மாறின செவ்வகத்தை மட்டும் நகல் எடுத்தால் போதும். இதுவரைக்கும் கோப்பு முறைமையோ, பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டுகிற மல்டிடாஸ்கிங்கோ எங்கேயாவது தேவைப்பட்டதா? இல்லையே. தேவைப்படும்போது அதுவே உன்னைத் தேடி வரும். அப்போது ஏன் என்று தெரிந்தே எழுதுவாய்.

எனக்கு உண்மையிலேயே ஆசையான பகுதி தமிழ் எழுத்து. ஆங்கிலத்துக்கு 8க்கு 16 கட்டத்தில் எழுத்துக்கு 16 பைட் என்று ஒரு ஃபொன்ட் போட்டால் வேலை முடிந்தது. தமிழில் அது நடக்காது. ‘கெ’ நினைவகத்தில் முதலில் ககரமாகவும் பிறகு கொம்பாகவும் இருக்கும், ஆனால் திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் நிற்கும். அதே குறி சில நேரம் ஒரே எண்ணாகவும், சில நேரம் கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் வரும். இரண்டையும் ஒன்றாகவே வரைய வேண்டும். உகரத்தைக் கேட்கவே வேண்டாம். கு, டு, மு, து நாலும் நாலு விதம். 18 மெய்க்கும் உகர ஊகார வடிவங்களைத் தனித்தனியாக, மொத்தம் 36 படமாக வரைந்து வைப்பதுதான் சுருக்கமான வழி. கிரந்த எழுத்துக்கு ஒட்டிக்கொள்ளும் குறியே போதும். ‘ணை’யின் அகலத்துக்கு 8 புள்ளி எங்கே காணும்? எழுத்துக்கு எழுத்து அகலம் மாற வேண்டும். பெரிய ஓஎஸ்களில் இதையெல்லாம் செய்யத் தனி நிரலகங்கள் இருக்கின்றன. உன்னுடையதில் நீதான் எழுத வேண்டும். பட்டன்களில் முதல் நாளிலிருந்தே தமிழ் இருக்கட்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் 8 புள்ளிக் கணக்கு நிரல் முழுக்கப் பரவி, மாற்றப் போனால் கை வைக்கிற இடமெல்லாம் உடையும்.

“இதால என்னடி வரப்போகுது?” என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தாய். 1991இல் 21 வயதுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ் ‘சும்மா பொழுதுபோக்குத்தான்’ என்று அறிவித்த ஓஎஸ்தான் லினக்ஸ் ஆனது என்ற கதையை மட்டும் அம்மாவிடம் அவிழ்த்துவிடாதே. அப்படி நடப்பது அபூர்வம். எனக்குப் பிடித்தவை வேறு. கொலிப்ரிஓஎஸ் புரொசெசரின் மொழிக்கு மிக நெருங்கிய அசெம்ப்ளியில் எழுதியது, விண்டோ, மவுஸ் எல்லாம் சேர்த்து 1.44 எம்பி ஃபிளொப்பிக்குள் அடங்கும். செரினிட்டிஓஎஸ் 2018இல் அன்ட்ரியாஸ் கிளிங் தனி ஆளாகத் தொடங்கியது, பிரவுசர் வரை சொந்தமாக எழுதினார்கள். இரண்டின் நிரலும் திறந்து கிடக்கிறது. முழுவதையும் வாசிக்கப் போகாதே, மூழ்கிவிடுவாய். நீ ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தை மட்டும் அங்கே போய்ப் பார்.

டேட்டா இல்லாமலே செய்யக்கூடிய வேலை இது என்பது தோட்டத்து லயன் வீட்டில் இருந்து எழுதுகிற உனக்கு வசதி. இன்டெல் கையேடு இலவசம், நாலாயிரம் பக்கத்துக்கு மேல். டவுனுக்குப் போகும்போது ஒரு தடவை இறக்கி பென்ட்ரைவில் போட்டுக்கொள். இன்டரப்ட் அத்தியாயம் மட்டும் இப்போதைக்குப் போதும். தென்மேற்கு மழை தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் ஓடுகிற நிலைக்கு வந்த ஒவ்வொரு தடவையும், நிரலின் ஒவ்வொரு நிலையையும் பத்திரப்படுத்துகிற கிட்டில் சேமி. காரணம் சொல்லாமல் கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் அது ‘டிரிப்பிள் ஃபோல்ட்’, அதாவது டபுள் ஃபோல்ட்டைக் கையாளப் போன இடத்திலும் பிழை விழுவது. கியூஎமுவில் இன்டரப்ட் பதிவை ஓட விட்டுப் பார், முதலில் விழுந்தது எது என்று அதில் இருக்கும்.

உண்மையான மெஷினில் ஓட்டும்போது யூஎஸ்பி மவுஸ் பக்கம் இப்போதைக்குப் போகாதே. அதற்கு டிரைவர் எழுதுவது தனிப் பெருங்கதை. பழைய லாப்டொப்களின் டச்பேட் பெரும்பாலும் பிஎஸ்/2 முறையிலேயே பேசும், உன்னுடையதிலும் முதலில் அதைப் பார். சரிவராவிட்டால் சித்தப்பா வீட்டு டெஸ்க்டொப்பில் அந்தப் பச்சை வட்டச் சொக்கெட் இருக்கிறது. அதற்குப் பொருந்துகிற மவுஸ் ஒன்று என்னிடம் உண்டு, தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் இரண்டு விண்டோவாவது ஒன்றன்மேல் ஒன்று நகர வேண்டும், சரியா?

அன்புடன்,
கொழும்பிலிருந்து அண்ணன்