பெயர் போட வேண்டிய நன்கொடை எது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத் தொழிலதிபர் ஒருவரின் கொடைப் பணிகளைப் பற்றித் தாங்கள் சென்ற இதழில் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அரசுப் பள்ளிக்கு அவர் கட்டிக் கொடுத்த வகுப்பறைகளும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தாமிரபரணிக் கரையோரத் தெருக்களுக்கு அவர் அனுப்பி வைத்த அரிசியும் பாயும் போர்வையும் உண்மைதான். அந்த வாரம் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு வரிசையில் நின்றவர்களில் என் உறவினர்களும் உண்டு. ஆகவே அந்த உதவியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் இவ்வளவையும் விரிவாக எழுதிவிட்டு, கட்டுரையின் முடிவில், அரசியல் கட்சிகளுக்கும் அவர் பாரபட்சமின்றி நன்கொடை வழங்கி வருவதாக ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

திருநெல்வேலிச் சீமையில் கொடை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கோயில் கொடை என்னும் ஊர்த் திருவிழாதான். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைக்கு நான் 11 ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறேன். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும் தலைக்கட்டு வரி தனி, நன்கொடை தனி. கொடை முடிந்த எட்டாம் நாள் நடக்கும் எட்டாம் பூசையன்று ஊர் கூடியதும், வரவில் 51 ரூபாய் கொடுத்தவர் முதல் செலவில் வில்லுப்பாட்டு, மேளம், பந்தல் வரை எல்லாவற்றையும் நீள நோட்டைப் பார்த்து உரக்க வாசிக்க வேண்டும். ஓர் ஆண்டு, செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் 25,001 ரூபாயைக் கொண்டுவந்து, நோட்டீஸில் தம் பெயர் வேண்டாம், ‘ஓர் அன்பர்’ என்று போட்டால் போதும் என்றார். பெரியவர்கள் சரி என்றார்கள். ஆனால் நீள நோட்டில் அவர் பெயரைத்தான் எழுதச் சொன்னார்கள், எட்டாம் பூசையில் நானும் அதை வாசித்தேன். இரண்டு மாதம் கழித்து, கோயில் நிலத்தை ஒட்டிய ஓடைக்கரையில் மண் எடுத்துக்கொள்ள அவர் ஊரிடம் சம்மதம் கேட்டு வந்தபோது, கேட்பவர் யார், அவர் என்ன கொடுத்திருக்கிறார் என்பது கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. (சம்மதம் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.)

வகுப்பறையை யார் கட்டிக் கொடுத்தார் என்று தெரியாமல் போனால் அதில் படிக்கும் பிள்ளைக்கு நட்டம் ஒன்றுமில்லை. கட்சிக்கு யார் பணம் கொடுத்தார் என்பது தெரியாமல் போனால், பிறகு அந்தக் கட்சி யாருக்காக எந்த உத்தரவில் கையெழுத்துப் போடுகிறது என்பதும் நமக்குத் தெரியாமலேயே போய்விடும். நம் ஊரிலோ பள்ளிச் சுவரில் பெயர் ஓர் அடி உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கட்சிக்குப் போன பணம் மட்டும் ‘ஓர் அன்பர்’ பெயரில் நிற்கிறது.

வங்கியில் பத்திரம் வாங்கி, வாங்கியவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்க வழிசெய்த, 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டம் இந்த மறைவுக்கே சட்டத்தின் முத்திரையைக் கொடுத்திருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ரத்து செய்த பிறகுதான் வாங்கியவர் பட்டியல் வெளியே வந்தது. முதலிடத்தில் இருந்தது, 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய, கோவையோடு தொடர்புடைய லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் திரிணமூல் காங்கிரஸுக்கும் போயிருந்தது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பத்திரங்கள் வழியே மிக அதிகப் பணம் பெற்ற கட்சி பாஜக. ஆகவே இது ஒரு கட்சியின் குறை அல்ல.

பாரபட்சமின்றிக் கொடுப்பதைத் தங்கள் கட்டுரையாளர் ஒரு பெருந்தன்மையாகச் சொல்கிறார். கொள்கையில் பிடிப்பு உள்ளவர் தமக்குப் பிடித்த கட்சிக்குக் கொடுப்பார். ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே கையால் கொடுப்பவர், யார் ஜெயித்தாலும் தமக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று நினைப்பவராகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கொடையிலும் ஒரு பிரிவினை தேவை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ லாபமோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். கட்டுரையில் வரும் வகுப்பறைகளில் எத்தனை அந்தக் கடமையில் கட்டியவை, எத்தனை அவருடைய சொந்தப் பணத்தில் கட்டியவை என்று தெரியவில்லை. 1843-இல் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றுப் பாலத்தைத் தம் கைப்பணத்தில் கட்டிக் கொடுத்த சுலோசன முதலியாரை அப்படி யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்னொரு வேடிக்கை: வருமான வரியின் பழைய முறையில், ஒருவர் வங்கி வழியாகக் கட்சிக்குக் கொடுக்கும் தொகை முழுவதையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அநாதை இல்லத்துக்குக் கொடுத்தால் பெரும்பாலும் பாதிக்குத்தான் கழிவு.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பும், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் காட்ட வேண்டும் என்ற விதியும் மீண்டும் வந்துள்ளன. பலரிடம் பணம் திரட்டிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் தேர்தல் அறக்கட்டளை வழியே கொடுத்தால் மட்டும் பணம் பொது உண்டியலில் விழுந்த மாதிரிதான். அறக்கட்டளைக்கு யார் கொடுத்தார், அது எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்ற இரண்டும் தெரியும், யார் பணம் எங்கே போனது என்பது தெரியாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கைக் கம்பெனிப் பதிவாளரிடம் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். 20,000 ரூபாய்க்கு மேல் கட்சிகள் பெற்ற நன்கொடைப் பட்டியல் தேர்தல் ஆணையத்திடம் இருக்கிறது. எந்த ஆண்டு, எந்தக் கட்சிக்கு, எவ்வளவு என்று ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள். அதன் பக்கத்திலேயே, அதே ஆண்டுகளில் அவருடைய நிறுவனங்களுக்குக் கிடைத்த அரசு ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் போடுங்கள். அவர் மேல் தப்பில்லை என்றால் அதுவும் அந்தப் பெட்டியிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.

(என் பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்காக உறையின் மேல் உள்ளன, வேண்டுமானால் அச்சிட்டுக்கொள்ளலாம்.)