காஃபின் என்றால் கோப்பி மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் என் தகப்பனாருக்கு நடக்கவிருந்த ஸ்ட்ரெஸ் ஸ்கேன் என்னும் இதயப் பரிசோதனை, அன்று விடியற்காலையில் அவர் குடித்த ஒரு கோப்பைத் தேநீரால் தள்ளிப்போனது. முழங்கால் வலியால் டிரெட்மில்லில் நடக்க முடியாத அவருக்கு, நரம்பு ஊசி வழியாக அடினோசின் என்னும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்க ஏற்பாடாகியிருந்தது. 24 மணி நேரத்துக்குக் காஃபின் கூடாது என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்த தாளை அம்மா குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தார். அப்பா அதைக் கோப்பி என்று எடுத்துக்கொண்டார். கோப்பியைத் தொடவே இல்லை. பால் தேநீர் குடித்தார்.

தாதி கேட்டதும் மறைக்காமல் சொன்னது நல்லதாயிற்று. அடினோசின் இதயத் தமனிகளை விரியச் செய்யும் மருந்து. நல்ல தமனியில் இரத்தம் பல மடங்கு கூடுதலாகப் பாயும்போது, அடைப்புள்ள தமனி அந்த அளவுக்கு ஈடுகொடுக்க முடியாததால், அது ஊட்டும் இதயத் தசைக்கு, படமெடுப்பதற்காகச் செலுத்தும் கதிரியக்க மருந்து குறைவாகவே போய்ச் சேரும். படத்தில் அவ்விடம் மங்கித் தெரியும். ஓய்வில் எடுத்த படத்தில் அதே இடம் தெளிந்திருந்தால் இரத்த ஓட்டம் தேவைக்குப் போதவில்லை என்று பொருள். இரண்டிலும் மங்கியிருந்தால் பெரும்பாலும் பழைய மாரடைப்பின் தழும்பு. காஃபினோ அடினோசின் போய்ப் பற்றவேண்டிய இடத்தையே அடைத்துக்கொள்கிறது. தமனி சரியாக விரியாது. அடைப்பு இருந்தும் படம் நன்றாக இருப்பதுபோல் தோன்றிவிடக்கூடும்.

என் தகப்பனாருக்கு இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய். இத்தகையவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் அடைப்பு முற்றலாம். ஓய்வில் எடுக்கும் இசிஜியும் குறையின்றி வரலாம். "ஒன்றுமில்லை" என்ற தவறான முடிவோடு அவர் வீடு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

ஆகவே மருத்துவமனைகள் இந்தக் குறிப்புத் தாளைத் தமிழிலும் தரவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். "காஃபின்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், தேநீர், கோப்பி, காஃபின் நீக்கிய கோப்பி, மைலோ, கோலா, சாக்லேட், காஃபின் கலந்த தலைவலி மாத்திரை என்று பெயர் சொல்லி எழுதவேண்டும். எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்யவேண்டும் என்பதும், ஆஸ்துமா உள்ளவர்கள் முன்னதாகவே தெரிவிக்கவேண்டும் என்பதும் அதில் இடம்பெறவேண்டும். பரிசோதனைக்கு முந்தைய நாள் காலையில் தொலைபேசியில் ஒரு வார்த்தை நினைவூட்டினால் இன்னும் நல்லது. அப்பாவின் புதிய தேதிக்கான தாளில் நானே தமிழில் எழுதி ஒட்டிவிட்டேன். தனியாக வாழும் முதியவர்களுக்கு அதை யார் எழுதித் தருவார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு