மனிதத் தோற்ற ஆய்வு உதவித்தொகை: பெயர் தரவும்

அனைவருக்கும் வணக்கம். வளரும் நாடுகளின் மாணவர்கள் மனிதத் தோற்றம் பற்றி முதுகலை, முனைவர் பட்டம் படிக்க லீக்கி அறக்கட்டளை பால்ட்வின் உதவித்தொகை தருகிறது. 1984ல் 'துர்கானா சிறுவன்' எனப்படும் ஆதிமனிதச் சிறுவனின் எலும்புக்கூட்டின் முதல் துண்டை, ஒரு சின்ன மண்டையோட்டுச் சில்லை, கண்டெடுத்தவர் கென்யாவின் கமோயா கிமேயுதான். புதைபடிவம் கிடைக்கும் நாடுகளிலிருந்தே ஆய்வாளர்களும் வரவேண்டும். தயங்காதீர்கள்.

1. தொல்மானுடவியல், கற்கால ஆய்வு, குரங்கின ஆய்வு மாணவர்கள் நவம்பர் 9, ஞாயிறு மாலை 6 மணிக்குள் பெயர் தரவும்.
2. சேரப்போகும் பல்கலைக்கழகத்திடம் அனுமதிக் கடிதத்தை இப்போதே கேளுங்கள். இழுத்தடிப்பது பெரும்பாலும் அதுதான்.
3. படித்து முடித்துச் சொந்த நாட்டில் என்ன செய்வீர்கள்? இதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.
4. அப்புறம், கடைசித் தேதியை அறக்கட்டளையின் இணையதளத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

வரைவைப் படித்துத் திருத்தித்தர முன்வரும் சீனியர்கள் 'நான் தயார்' என்று இங்கேயே பதில் போடுங்கள்.