நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை: ஐக்கியத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு வந்தனம்.

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் ஐக்கியத்தின் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பத்தைச் சுற்றுக்கு விட்டிருக்கிறீர்கள். கல்வித்துறை கொண்டுவரப் பார்க்கும் இரண்டு விதிகளை அது எதிர்க்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாள் ஒருவர் பிள்ளையோடு பேசி, அதன் படிப்பைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொன்று. எங்கள் வீட்டுக்கு வந்த தாள் வெறுமையாகத் திரும்பியதும் சிலர் போன் செய்து, மறந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை. யோசித்துத்தான் போடாமல் விட்டேன். ஆளுக்கு ஆள் தனித்தனியாக விளக்குவதைவிட எல்லாரும் படிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

நாங்கள் வீட்டுக்கல்வியை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறோம் என்று ஒரு பேச்சு ஓடுகிறதாம். அப்படி எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பது யார் பொறுப்பு என்பதற்கு உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கும் பதில்தான் எனக்கும் பதில். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் அதைப் பற்றிப் பேச வேண்டியவர்கள் பெற்றோர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு வீட்டை வர்ணித்திருக்கிறீர்கள். காலை ஜெபம், மேசையைச் சுற்றி அமைதியாகப் பிள்ளைகள், சிரித்த முகத்தோடு அம்மா. அது பொய் என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் சில நாள் காலையில் கொஞ்ச நேரம் அப்படி இருப்பதுண்டு. ஜெபம் முடியும் முன்னே கடைக்குட்டி மேசைக்கு அடியில் போய்விடுவான். பெரியவள் மனப்பாட வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு அல்ஜீப்ராவை எடுத்துக்கொள்வாள். அடுத்தவனுக்குப் பின்னம் ஏறவில்லை. கீழே இருக்கும் எண்ணையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, ஏன் தப்பு என்று என்னோடு வாதாடுவான். அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே மூன்றாமவள் ஓர் எழுத்தைக் காட்டி இது என்ன என்பாள். பள்ளிக்கூட டீச்சர் ஒரே பாடத்தை ஒரு வகுப்புக்கே நடத்துகிறார். நான் ஒரு மணி நேரத்துக்குள் நாலு வகுப்புக்கு மாறி மாறி ஓடுகிறேன். நடுவில் அடுப்பு, துணி, போன். வீட்டில் பாடம் நடத்தும் எந்தத் தாயைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். கூடுகையில் மட்டும் ஏனோ ஒருவரும் சொல்வதில்லை.

இதில் சந்தோஷம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சார்லட் மேசன் (1842–1923) என்ற ஆங்கிலேயக் கல்வியாளரின் முறையை நம்மில் பலர் பின்பற்றுகிறோம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் குறுகியதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, கேட்டதைப் பிள்ளை தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்படி யோசேப்பின் சரித்திரத்தை வாசித்தபோது என் மகன் திருப்பிச் சொன்ன கதையில் சகோதரர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அப்பா ஒருவனுக்கு மட்டும் அங்கி வாங்கிக் கொடுத்தால் கோபம் வராதா என்றான். அன்றைக்குக் கணக்கு நடக்கவில்லை. பாரபட்சத்தைப் பற்றியே மத்தியானம் வரை பேசிக்கொண்டிருந்தோம். இதற்காகத்தான் நான் இந்த வழிக்கு வந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆனால் அதே விண்ணப்பத்தில், மூத்த பிள்ளைகள் இளையவர்களைக் கவனித்துப் பொறுப்பைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரியில்தான் என் பேனா நின்றது. நம் குடும்பங்களில் நான் பார்த்த மூத்த ‘பிள்ளைகள்’ அநேகமாக மூத்த மகள்கள். கைக்குழந்தை விழித்தால் அல்ஜீப்ரா புத்தகத்தை மூடுவது அவள். அவள் தம்பியின் புத்தகம் திறந்தே இருக்கும். பாட டைரியில் அந்த நேரத்தை ‘வீட்டு நிர்வாகம்’ என்று எழுதிவிடுகிறோம். குழந்தையைத் தூக்குவது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பதினாலு வயதுப் பெண்ணுக்கு நாளில் பாதி அதிலேயே போனால் அது படிப்பு ஆகாது, வேலை. இதைச் செய்கிற தாய் கெட்டவள் இல்லை. அவளுக்கு உதவிக்கு வேறு கை இல்லை, அவ்வளவுதான். இரண்டு வருஷமாக ஒரே கணக்குப் புத்தகம் ஓடிக்கொண்டிருப்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவதேயில்லை. வெளியிலிருந்து வருபவர் முதல் அஞ்சு நிமிஷத்தில் கேட்டுவிடுவார்: போன வருஷம் எங்கே இருந்தாய், இப்போது எங்கே இருக்கிறாய்?

வெளியாள் பார்த்தால் விசுவாசத்துக்கு ஆபத்து என்கிறீர்கள். தானியேலை நினைத்துப் பாருங்கள். பாபிலோன் அரண்மனையில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் படித்தான். ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றான். ராஜாவின் பரீட்சையை வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் ராஜாவே நேரில் பேசிப் பார்த்து, மற்றவர்களைவிடப் பத்து மடங்கு சமர்த்தர்கள் என்று கண்டான். கேள்வி கேட்டவன் நம் தேவனை அறியாதவன். பவுலையும் பாருங்கள். எருசலேம் விசுவாசிகளுக்கான காணிக்கைப் பணத்தைக் கொண்டுபோகும்போது, யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் இல்லை, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் எழுதுகிறார். காணிக்கைப் பெட்டியை ஒற்றை ஆளாக எண்ண நம் சபையில் யாரையும் விடுவதில்லை. பிள்ளை விஷயத்தில் மட்டும், நானே போதித்து நானே பரீட்சை வைத்து நானே பாஸ் போட்டுக்கொள்ள வேண்டுமா?

உங்கள் பயம் காரணமில்லாதது என்று சொல்லவரவில்லை. ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது கட்டாயம். விசுவாசத்தைக் காரணம் காட்டி வீட்டில் படிக்கவைக்க அங்கே வழியில்லை. அதை எதிர்த்துப் போன குடும்பங்களுக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006-லும் 2019-லும் சாதகமாகச் சொல்லவில்லை. அதில் 2019 வழக்கில், 2013-இல் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து சில வாரங்கள் பிரித்தே வைத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நானும் நிம்மதியாகத் தூங்கவில்லை. சுவீடன் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டுக்கல்விக்கு அசாதாரணச் சூழ்நிலைகளில் மட்டும் இடம் கொடுத்தது. பிரான்சில் முன்பெல்லாம் தெரிவித்தால் போதுமாக இருந்தது. 2021-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு முன் அனுமதி வாங்க வேண்டும்.

இவையெல்லாம் விண்ணப்பத்தில் இருக்கின்றன. பென்சில்வேனியா இல்லை, அது ஏன்? அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் 1988-இலேயே வீட்டுக்கல்விக்கென்று சட்டம் வந்துவிட்டது. வருஷத்துக்கு 180 நாள் பாடம். இல்லையென்றால் தொடக்க நிலையில் 900 மணி நேரம், உயர்நிலையில் 990 மணி நேரம். செய்த வேலைகளைக் கோப்பாகச் சேர்த்துவைக்க வேண்டும். ஒரு மதிப்பீட்டாளர் வருஷா வருஷம் அந்தக் கோப்பைப் பார்த்துப் பிள்ளையோடு பேச வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பது பெற்றோர். இத்தனை இருந்தும் அங்கே நம்மைப் போன்ற குடும்பங்கள் முப்பது வருஷத்துக்கு மேலாக ஜெபத்தோடு பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கின்றன. பதிவு வந்தால் அடுத்தது தடை என்கிறீர்கள். பென்சில்வேனியாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

விண்ணப்பம் மேற்கோள் காட்டும் இரண்டு விஷயங்களையும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில் 26-ஆவது பிரிவு, பிள்ளைக்கு எந்த விதமான கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு உண்டு என்கிறது. உண்மை. அது மூன்றாவது உட்பிரிவு. அதே 26-இன் முதல் உட்பிரிவு, கல்வி ஒவ்வொருவரின் உரிமை என்றும் தொடக்கக் கல்வி கட்டாயம் என்றும் சொல்கிறது. முதலாவதை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் எடுத்துப் போடுவது நமக்கு அழகில்லை. வசனத்தை யாராவது இப்படிப் பாதி வெட்டி எடுத்தால் நாமே சும்மா விடுவோமா?

அப்புறம் அந்த ஆமிஷ் வழக்கு. ஆமிஷ் என்பவர்கள் நவீன வாழ்க்கையிலிருந்து ஒதுங்கி வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆமிஷ் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது சரிதான். ஆனால் அது வீட்டில் பாடம் நடத்துவதைப் பற்றிய வழக்கே இல்லை. அந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனவர்கள். அதற்கு மேல் கட்டாயப்படுத்தலாமா என்பதுதான் கேள்வி. நீதிபதிகளில் ஒருவரான டக்ளஸ் அப்போதே ஓரளவு மாறுபட்டார். பெற்றோர் பேசிவிட்டார்கள், அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யார் கேட்டது என்பது அவர் எழுப்பிய பிரச்சினை. 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவும், பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் அதன் கருத்தை வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்றபடி கேட்க வேண்டும் என்கிறது. நம் விண்ணப்பத்தில் பெற்றோர் என்ற வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பிள்ளைகள் எங்கேயுமே பேசவில்லை.

சொல்லக் கஷ்டமான ஒன்று பாக்கி இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைத் தினமும் யாராவது பார்க்கிறார்கள். பத்து நாள் வரவில்லை என்றால் கேட்பார்கள்; உடம்பில் காயம் இருந்தால் கவனிப்பார்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லாரும் அவ்வளவு அக்கறையாக இருப்பார்கள் என்று இல்லை, ஆனாலும் பார்க்க ஆள் இருக்கிறது. நம் பிள்ளைகளைப் பார்ப்பது நாம் மட்டும்தான். சபை பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை தலைவாரி நல்ல துணி உடுத்தி வரும் பிள்ளையை. நம் ஐக்கியத்தில் எந்த வீட்டையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை. ஆனால் நூறு வீடுகளில் ஒரு வீட்டில் அடியும் பசியும் இருந்தால், மற்ற தொண்ணூற்று ஒன்பது வீடுகளைக் காக்கும் அதே கதவு அந்த வீட்டையும் மூடிவைக்கிறது. அமெரிக்காவில் பொறுப்பான வீட்டுக்கல்விக்காக 2013-இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். தொடங்கியவர்கள் வீட்டுக்கல்விக்கு எதிரிகள் இல்லை, வீட்டில் படித்து வளர்ந்தவர்கள். பதிவும் வருடாந்திர மதிப்பீடும் வேண்டும் என்று கேட்பது அவர்களே. அவர்களை விசுவாசத்துக்கு விரோதிகள் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். அப்படிப் பார்த்தால், நாளைக்கு நம் பிள்ளைகள் வளர்ந்து ஏதாவது சொன்னால் அவர்களையும் தள்ளிவிடுவோம்.

சரி, பின்னே என்ன செய்யலாம் என்பீர்கள். எதிர்ப்பு விண்ணப்பத்தை நிபந்தனை விண்ணப்பமாக மாற்றுங்கள். மதிப்பீட்டாளரைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேளுங்கள். பிள்ளையின் விசுவாசம் மதிப்பெண்ணுக்கு உட்படக் கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு வருஷம் பின்தங்கினால் உடனே உத்தரவு போடாமல், சரிசெய்ய அவகாசமும் உதவியும் கேளுங்கள். பிள்ளை எழுதியதை மட்டும் பார்க்காமல் அது வாயால் சொல்வதையும் கேட்க வேண்டும் என்று சேருங்கள். தாமதமாக எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. பொதுத்தேர்வில் தனித்தேர்வராக உட்காரவும், பக்கத்துப் பள்ளியின் ஆய்வகத்தைப் பயன்படுத்தவும் இடம் கேளுங்கள். என் மகளுக்கு வேதியியல் என்றால் உயிர். புத்தகத்தில் இருக்கும் சோதனைகளை வீட்டில் செய்து பார்க்க அவள் தயார், நான் தயார் இல்லை.

பரிணாமத்தைப் பற்றிக் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும் என்று ஒரு சகோதரர் போனில் கவலைப்பட்டார். புத்தகம் என்ன சொல்கிறது என்பதைச் சரியாகச் சொல்லட்டும், நம் வீட்டில் என்ன நம்புகிறோம் என்பதையும் சொல்லட்டும். முதலாவது தெரியாத பிள்ளை இரண்டாவதைச் சொன்னால் யார் மதிப்பார்கள்? அந்தச் சகோதரருக்கு அன்றே இதைச் சொன்னேன். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

இப்படித் திருத்திய வரைவு வந்தால் முதல் கையெழுத்து எங்கள் வீட்டிலிருந்து வரும். என் கணவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். இப்போதுள்ள வடிவில் வராது. அடுத்த கூடுகையில் இதைப் பற்றிப் பேசும்போது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அவர்களும் உட்காரட்டும். குழந்தைகளை நாம் பெரியவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் முறை நான். பிள்ளைகள் கையிலும் விண்ணப்பத்தின் பிரதி ஒன்று இருக்கட்டும். என் மகள் ஏற்கனவே படித்துவிட்டாள். மூன்றாம் பக்கத்தைப் பற்றி அவளுக்குக் கேள்வி இருக்கிறது. அதை அவளே எழுந்து கேட்பாள், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி