எடைக்கு ஒரு விலை வை, மாப்ளே

கொழிஞ்சாம்பாறை
ஞாயிற்றுக்கிழமை

மாப்ளே சங்கரா,

உன் யூடியூப் சேனலில் எடுக்கப்போகிற சூப்பர்ஹீரோ தொடருக்கு நீ அனுப்பிய கதைச் சுருக்கம் கிடைத்தது. இந்த வருசமும் மழை எங்களை ஏமாற்றிவிட்டு மேற்கேயே பெய்து தீர்ந்துவிட்டது. தென்னைக்குத் தண்ணி விடுகிற முறை யாருடையது என்பதுதான் இங்கே தினப் பேச்சு. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? செங்கோட்டைக் குற்றாலச் சாரலில் அது குறையாது, வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்.

உன் ஹீரோ மாடசாமி புளியரை செக்போஸ்ட்டில் ஒரு லோடுமேன், அவன் தொட்டால் எந்தப் பொருளும் எடை இழந்துவிடும். சக்தியைத் தேர்ந்தெடுத்ததில் நீ கெட்டிக்காரன். பறக்க வைத்திருந்தால் கிராபிக்ஸுக்கே வீட்டை விற்க வேண்டும். இதற்கு நடிகனின் தோளும் முதுகும் போதும், மூட்டைக்குள் பஞ்சு. ஆனால் எட்டு எபிசோட் என்று முதலில் முடிவு பண்ணிவிட்டு, அதற்குள் கதையை இழுத்துக் கட்டியிருக்கிறாய். அமெரிக்காக்காரன் கோடி கோடியாகக் கொட்டிச் செய்ததும் இதே தப்புதான்.

நாம் மாறி மாறிப் பேசுகிற, மின்னல் வேகத்தில் ஓடுகிற பாரியின் கதையான 'தி ஃப்ளாஷ்' தொடரையே எடு. 2014-இல் ஆரம்பித்து 2023-இல் முடியும்போது 9 சீசன், 184 எபிசோட். முதல் சீசனில் மட்டும் 23. அத்தனை நீளமும் தாங்கியதற்குக் காரணம் முதல் எபிசோடின் கடைசி நிமிடம். சக்கர நாற்காலியில் இருக்கும் விஞ்ஞானி ரகசிய அறைக்குள் போய் எழுந்து நிற்கிறார். அவர் நடிக்கிறார் என்று பார்க்கிற நமக்குத் தெரிந்துவிட்டது, பாரிக்குத் தெரியாது. அதற்கப்புறம் எந்தச் சில்லறைத் திருடன் வந்தாலும் அலுக்கவில்லை. அந்த நாற்காலி பக்கத்திலேயே உருண்டுகொண்டிருக்கிறதே! இரண்டாவது சீசனில் ஸூம், மூன்றாவதில் சவிதார். மறுபடியும் வேகமாக ஓடும் வில்லன், மறுபடியும் முகமூடிக்குள் யார் என்ற கேள்வி. இந்தத் தடவை நம்மிடமும் மறைத்தார்கள். மறைத்தால் நமக்கு மிஞ்சுவது ஊகம் மட்டும்தான். முகமூடி கழலுகிற வரைக்கும் கதை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். ரேஷன் அரிசி கடத்துகிற ஆள், மாடசாமிக்குச் சோறு போட்டு வளர்த்த அந்த மண்டி முதலாளியேதான் என்பதை ஏழாம் எபிசோட் வரை பூட்டி வைத்திருக்கிறாய். அதைத் தூக்கி முதல் எபிசோடின் முடிவில் போடு, பார்க்கிறவர்களுக்கு மட்டும். பிறகு முதலாளி அவனுக்கு இலையில் குழம்பு ஊற்றுகிற சாதாரண சீனும் வயிற்றைக் கலக்கும். ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

நெட்ஃபிளிக்ஸில் வந்த மார்வெல் தொடர்கள் பெரும்பாலும் சீசனுக்கு 13 எபிசோட். கதையோ ஒன்பதுக்குமேல் தாங்காது. அதனால்தான் 'ஜெசிகா ஜோன்ஸ்' முதல் சீசனில் வில்லன் கில்கிரேவைப் பிடித்துக் கண்ணாடி அறையில் அடைத்தும், அவன் தப்பித்தே ஆக வேண்டியிருக்கிறது. அவன் அங்கேயே இருந்தால் மிச்ச எபிசோடுகளுக்கு என்ன செய்வது? அவன் தப்புவது கதைக்காக இல்லை, எண்ணிக்கைக்காக. அது பார்க்கிறவனுக்கு மூக்கில் வேர்த்தமாதிரி தெரிந்துவிடும். 'லூக் கேஜ்' இன்னும் பாவம். மஹர்ஷலா அலி செய்த காட்டன்மவுத்தை ஏழாவது எபிசோடிலேயே கொன்றுவிட்டு, அந்த இடத்தில் இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊருக்குள்ளேயே வேர்விட்ட வில்லன் போய், வெளியூர்க்காரன் வந்தமாதிரி ஆகிவிட்டது. உன் ஐந்தாம் எபிசோடில் திடீரென்று கொல்லத்திலிருந்து வருகிறானே ஒரு பெரிய தாதா, அவனை வெட்டிவிடு.

நம்ம பக்கத்துக் கூத்துமாடத்தில் இந்தத் தப்பு நடக்காது. பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தை பகவதி கோயிலுக்குத் தக்கபடி 7 ராத்திரி, 14 ராத்திரி, 21 ராத்திரி என்று ஆடுகிறார்கள். கம்பன் பாட்டுதான், தமிழில்தான். ராத்திரி கூடினால் புதுசாக ஒரு ராவணனைக் கொண்டுவருவதில்லை. பாட்டுக்கு உரை விரியும், பாத்திரங்களுக்குள் நடக்கிற வாதம் விரியும். ஒரே அம்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் தர்க்கம் நடந்தாலும் அம்பு எங்கே விழும் என்பது மாறாது. நீளம் வேண்டுமென்றால் நிகழ்ச்சியை ஒத்திப்போடாமல் ஆட்களைப் பேசவிட வேண்டும். (எதிரே ஆளே இல்லாவிட்டாலும் அவர்கள் ஆடுவார்கள், பகவதி பார்ப்பாள் என்ற நம்பிக்கையில். உன் யூடியூப் சேனலுக்கு அந்த வசதி கிடையாது.)

எண்ணிக்கையைக் குறைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. 'மூன் நைட்', 'சீக்ரெட் இன்வேஷன்' எல்லாம் ஆறே எபிசோட்தான். ஒரு சினிமாவை ஆறு துண்டாக நறுக்கினமாதிரி இருக்கும்; எந்தத் துண்டுக்கும் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆறாவதில் எல்லாக் கணக்கையும் ஒன்றாகத் தீர்க்கப் பார்த்துத் திணறுவார்கள். 2019-இல் வந்த 'வாட்ச்மென்' 9 எபிசோட். முதல் முகமூடிக்காரன் யார் என்பதைக் கடைசிக்கு வைக்காமல் ஆறாவதிலேயே, பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில், ஒரு தனிக் கதையாகவே சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு எபிசோடைத் தனியாகப் பார்த்தாலும் முழுசாக நிற்கும். உன் எட்டில் அப்படித் தனியாக நிற்பது மூன்றாவது மட்டும்தான், அந்த ஆரியங்காவு ரயில் குகை எபிசோட்.

இனி சக்தி விஷயம். 'ஃப்ளாஷ்' ஆரம்பத்தில் பாரி பசியில் மயங்கி விழுவான். ஓடுகிற ஓட்டத்துக்கு உடம்பு சாப்பாடு கேட்கும். நல்ல விதி. போகப் போக எழுதுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். விளைவு என்ன? உறையவைக்கிற துப்பாக்கியோடு ஒரு திருடன் நிற்பான், குண்டை விட வேகமாக ஓடுகிறவன் அவன் முன்னால் நின்று வசனம் பேசி அடி வாங்குவான். வீட்டுத் திண்ணையிலிருந்து பாட்டிகூடக் கத்துவாள், 'ஓடேண்டா' என்று.

மாடசாமிக்கும் நீ விலையே வைக்கவில்லை. நான் சொல்கிறபடி வைத்துப் பார். அவன் பகலில் எவ்வளவு எடையை இல்லாமல் செய்கிறானோ, அதில் பத்தில் ஒரு பங்கு அன்று ராத்திரி அவன் நெஞ்சில் இறங்கும், விடிகிறவரை. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 5 கிலோ. பத்து மூட்டை தூக்கினால் நெஞ்சில் ஒரு ஆள் படுத்த கனம். முப்பது மூட்டையோடு 150 கிலோ, அதற்குமேல் மூச்சு நின்றுவிடும் என்று இரண்டாம் எபிசோடிலேயே காட்டிவிடு, கயிற்றுக் கட்டில் அறுந்து விழட்டும். பிறகு யாரும் விளக்க வேண்டாம். ஆறாம் எபிசோடில் 10 டன் லாரி பள்ளிக்கூட வேன் மேல் சரியும்போது பார்க்கிறவனே மனசுக்குள் கணக்குப் போட்டுவிடுவான். பத்தில் ஒன்று ஒரு டன். அவன் கை லாரியைத் தொடுகிற முன்னாடியே தியேட்டர் மாதிரி வீடு நிசப்தமாகிவிடும். விலையை எண்ணிக்கையில் வை; 'ரொம்பக் களைத்துவிட்டான்' என்று வைத்தால் எழுதுகிறவன் இஷ்டத்துக்கு அது கூடும், குறையும்.

சண்டை ஒன்பது எழுதியிருக்கிறாய். மூன்று போதும். 'டேர்டெவில்' முதல் சீசன் இரண்டாம் எபிசோடின் நடைபாதைச் சண்டையை எல்லோரும் ஒரே ஷாட் மாதிரி எடுத்ததற்காகப் புகழ்கிறார்கள். எனக்கு அதில் பெரிசு வேறு. அந்த எபிசோட் ஆரம்பிக்கும்போதே ஹீரோ குப்பைத்தொட்டியில் குத்துயிராகக் கிடக்கிறான், ஒரு நர்ஸ் வீட்டில் தையல் போட்டுக்கொண்டு கிடக்கிறான். அந்த உடம்போடுதான் கடத்தப்பட்ட பையனைத் தேடி அந்த நடைபாதைக்குப் போகிறான். நடுவில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், அடிவாங்கியவர்களும் தள்ளாடி எழுந்து வருகிறார்கள். சண்டைக்கு முன்னால் உள்ள நாற்பது நிமிடம்தான் அந்தச் சண்டையைச் செய்தது. உன் சண்டைகளில் மாடசாமி ஒவ்வொரு தடவையும் புது பேட்டரி போட்டமாதிரி வருகிறான்.

திருத்துகிற வழி இது. எட்டு அட்டை எடு. ஒவ்வொன்றிலும் மூன்று வரி: அன்றைக்கு மாடசாமிக்கு என்ன வேண்டும், அதற்காக எத்தனை கிலோ கொடுத்தான், எபிசோட் முடிவில் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி என்ன நடந்தது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் அந்த அட்டையைக் கிழித்து, அதிலுள்ள நல்ல சீனைப் பக்கத்து அட்டைக்கு மாற்று. உன் சுருக்கத்தை வைத்து நான் போட்டுப் பார்த்தேன். நான்கும் ஐந்தும் காலி. அப்படியானால் உன் கதை ஆறு எபிசோட். 25 நிமிடம் என்றால் ஸ்கிரிப்ட் 25 பக்கத்துக்குமேல் போகக்கூடாது, சீன் பத்திலிருந்து பன்னிரண்டு. நீ முதல் எபிசோடுக்கு 41 பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் எட்டுப் பக்கம் அவன் பிறந்த கதை. பிறப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதல் பக்கத்தில் மூட்டை தூக்கட்டும்.

வில்லனுக்கும் சக்தி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். மலையாளப் படம் 'மின்னல் முரளி'யில் ஹீரோ, வில்லன் இரண்டு பேரையும் மின்னல்தான் அடித்தது. நம்ம குரு சோமசுந்தரம் செய்த ஷிபு மனசில் நிற்பது அந்த மின்னலால் இல்லை, அவன் காத்திருந்த காதலால். உன் முதலாளிக்கு மின்னல் வேண்டாம். மாடசாமி சாப்பிட்ட கையை அவன் ஏன் கழுவிவிடுகிறான் என்று எழுது, அது போதும்.

ஆறு அட்டையும் தயாரானதும் முதலில் மூன்றாவதை முழு ஸ்கிரிப்டாக எழுதி அனுப்பு. குகைக்குள் வசனம் வேண்டாம், எதிரொலியில் ஒலிப்பதிவு பாழாகிவிடும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
தங்கவேலு